ஆறு ஞாயிறும் ஒரு கையெழுத்தும்

போன ஞாயிறு காலை பத்தரைக்கு இரண்டு டம்ளர் டீ போட்டேன். ஒன்றைக் குடித்தேன். மற்றது ஆடை கட்டி அப்படியே இருந்தது.

ஏன் என்று சொல்ல, இரண்டு மாதம் பின்னால் போக வேண்டும்.

கிழக்குத் தாம்பரத்தில் என் வீட்டை ஒட்டிய காலி மனையில் ஃபிளாட் வருகிறது. சேதி எனக்கு எப்படி வந்தது தெரியுமா? ரிஜிஸ்டர் தபாலில்! மதில் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் மனையைப் பற்றிய கடிதம், தி.நகர் ஆபீசிலிருந்து நாலு நாள் பயணம் செய்து வந்தது. ஆங்கிலத்தில். என் இனிஷியல் தப்பு. கூடவே, 'ஆட்சேபணை இல்லை' என்று நான் கையெழுத்துப் போட ஒரு தாள்.

வந்த தேதியை டைரியில் குறித்தேன். கடிதத்தை மேஜை டிராயரில் போட்டேன்.

அடுத்த ஞாயிறு சைட் இன்ஜினியர் சேகர் மொபெட்டில் வந்தார். முப்பது வயதிருக்கும். கையில் சுருட்டிய பிளான்.

"சார், லெட்டர் வந்துச்சா?"

"வந்தது. போர்வெல் எங்க போடறீங்க?"

விரித்துக் காட்டினார். என் கிணற்றுக்கு மிக அருகே. மே மாதத்தில் முழங்கால் அளவுதான் தண்ணீர் நிற்கும் கிணறு அது. பன்னிரண்டு வருடமாக மாதாமாதம் நீர்மட்டம் குறித்து வைத்த நோட்டை நீட்டினேன். நின்றபடி புரட்டியவர் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாரும் எங்ககிட்ட சண்டைதான் சார் போடுவாங்க. நோட்டு யாரும் காட்டினதில்ல."

மறு வாரமே புதிய பிளான். போர், ரோட்டோர மூலைக்குப் போயிருந்தது.

என் ஆட்சேபணை அன்றே தீர்ந்தது. உங்களிடம் மறைப்பானேன்... கையெழுத்துப் போட்டுவிட்டால் அவர் எதற்கு வரப்போகிறார்? மனைவி போய் மூன்று வருடம். மகள் மஸ்கட்டில். "சாப்டீங்களா சார்?" என்று என்னைக் கேட்க ஞாயிறு மட்டும் ஓர் ஆள் இருந்தார்.

அதனால் வாரத்துக்கு ஒரு சந்தேகம் கண்டுபிடித்து, அவருக்கும் சேர்த்துப் பத்தரைக்கு டீ போட்டு வைத்தேன். மணல் லாரி எத்தனை மணிக்கு வரும்? சன்ஷேடு மதிலைத் தாண்டுமா? சிமென்ட் தூசிக்குத் திரை கட்டுவீர்களா? எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

ஆறாவது ஞாயிறு சேகர் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"மொட்டை மாடில துணி காயப்போட்டா உங்க பக்கம் பறந்து வருமான்னு இன்னிக்குக் கேப்பீங்களா சார்?"

நானும் சிரித்தேன். அவர் சிரிப்பு மட்டும் சீக்கிரம் நின்றுவிட்டது.

"ஓனர் கத்தறாரு சார். இந்த வாரமும் கையெழுத்து இல்லன்னா என்னை மறைமலை நகர் சைட்டுக்கு மாத்திடுவாராம். வீட்ல கைக்குழந்தை..."

டிராயரைத் திறந்தேன். தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஃபிளாட் கட்டும் புரொமோட்டர்களே, பக்கத்து வீட்டுக்குத் தபால் அனுப்பாதீர்கள், ஆளை அனுப்புங்கள். பிளானைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். முடிந்தால்... கையெழுத்து வாங்கிய பிறகும் ஒரு தடவை அனுப்புங்கள்.

போன ஞாயிறு பதினொன்றரை வரை சேகர் வருகிறாரா என்று பார்த்துவிட்டு, வெளியே போய் சைட் வாட்ச்மேனிடம் கேட்டேன்.

"இன்ஜினியர் சாரா? பின்னால டீச்சரம்மா வூட்டாண்ட கீறாரு சார். அந்தம்மா இன்னும் கையெய்த்து போடலியாம். டீ குட்சிகினு பேசிகினு கீறாங்க."

டீச்சரம்மாவும் தனியாகத்தான் இருக்கிறார். என்னைவிட விவரமானவர்.