வாய் படாத குழாய்

நாங்கள் புலம்பெயர்ந்து குடியேறிய வெக்ஸ்போர்ட்டில் உள்ள எங்கள் வீட்டு நிலவறையில் ஆண்டுதோறும் ஒரு குடுவை திராட்சை மது உண்டாகிறது. இலையுதிர் காலத்தில் இத்தாலியர் ஒருவரின் கடையில் வாளிக்கணக்கில் விற்கும் சாற்றை வாங்கிவந்து, பெரிய கண்ணாடிக் குடுவையில் ஊற்றி நுரைக்கவிடுவேன். நுரை அடங்கியபின் மூடிவைப்பேன். எஞ்சியதை நொதியும் காலமும் பார்த்துக்கொள்ளும். மனிதனுக்குரிய நுட்பமான வேலை ஒன்றுதான்: அடியில் படிந்த மண்டி கலங்காமல் மேலுள்ள தெளிவைப் போத்தல்களுக்கு மாற்றுவது. குடுவையைச் சரித்து ஊற்றினால் மண்டி எழும்பிவிடும். காற்றும் மிகுதியாகக் கலந்து மது புளித்துப்போகும்.

இதற்கெனக் கடைகளில் விற்கும் கருவிகளை நான் வாங்கியதில்லை. ஆறடி நெகிழிக் குழாய் ஒன்று, உணவுக்கடைப் பொதியோடு வந்த சீனக் குச்சி ஒன்று, உடுப்புக் கொழுவும் கவ்வி ஒன்று. இவையே என் கருவிகள். குச்சியைக் குழாயின் நுனிக்குக் கீழே ஓர் அங்குலம் நீளுமாறு கட்டினால், குச்சி மண்டியில் ஊன்றி நிற்க, குழாய் அதற்கு மேலேயே நிற்கும். சலவை இயந்திரத்தின் மேல் குடுவையும் தரையில் போத்தலும் இருக்கும். குழாயின் மறுநுனியை வாயில் வைத்து ஒருமுறை உறிஞ்சினால் மது வளைவேறி இறங்கும். பிறகு அது தானாகவே பாயும். நிறுத்துவதற்குக் கவ்வி போதும்.

அந்த ஓர் உறிஞ்சலை நான் எப்போதும் தனிமையில்தான் செய்துவந்தேன். நாங்கள் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதிக் கத்தோலிக்கர். கிறிஸ்து பிறப்பான நத்தார் விருந்தில் மது வைப்பதில் எங்களுக்குக் கூச்சமில்லை. ஆனால் எச்சில் பற்றிய கூச்சம் எந்தச் சமயத்தவருக்கும் எங்கள் ஊரில் ஒன்றே.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நத்தாரன்று, மதிய விருந்துக்காக இரண்டு போத்தல் வடித்துக்கொண்டிருந்தேன். மேலே உட்காரக் கதிரைகள் போதவில்லை என்று என் மகனின் மாமனார் நிலவறைக்கு இறங்கிவந்தார். அவர் யாழ்ப்பாணத்துச் சைவர், வாகன உறுப்புகள் செய்யும் தொழிற்சாலையில் இயந்திர வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், பக்கத்து மில்லிக்கனில் குடியிருப்பவர். அப்போது குழாய் என் வாயில் இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு மடிப்புக் கதிரைகள் இரண்டை எடுத்துக்கொண்டு மேலே போனார்.

விருந்தில் அவர் முன் வைத்த கிண்ணத்தை ஒரு விரலால் அப்பால் நகர்த்தினார்.

“வேண்டாம் அண்ணை. எனக்குச் சீனி வருத்தம்.”

நீரிழிவைச் சாட்டினாலும், பிள்ளைகளின் திருமணத்தன்று அவர் மூன்று கிண்ணம் விஸ்கி அருந்தியதை நான் கண்டிருந்தேன். அன்று அவர் சோற்றையும் தொடவில்லை. அதன்பின் சனிக்கிழமைகளில் மகளையும் பேரனையும் கொண்டுவந்து விடும்போது காரை விட்டு இறங்குவதுமில்லை. இப்படியே ஐந்து மாதங்கள் கழிந்தன. பேரனுக்கு முதலாம் பிறந்தநாள் நெருங்கியது. விருந்தை எங்கள் வீட்டில் வைப்பதா, மண்டபம் எடுப்பதா என்று மகன் கேட்டான். மருமகள் ஒளிக்காமல் சொன்னாள்.

“மாமா, அப்பா வருவார். ஆனா உங்கடை வீட்டிலை கை நனைப்பாரோ தெரியாது. அண்டைக்குப் பேஸ்மென்ட்டிலை பார்த்ததை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.”

எங்கள் மேசையில் இனி அவர் உண்பாரா என்பதே கேள்வியாயிற்று. அதற்கு விடை தேட எனக்குத் தெரிந்த வழி குழாயைத் திருத்துவது ஒன்றுதான்.

குழாயில் முன்கூட்டியே கொதித்தாறிய நீரை நிரப்பி இறக்கும் முறையை முதலில் முயன்றேன். விரல் வழுக்கி நீர் முழுவதும் குடுவைக்குள் போயிற்று. பின்னர், பழுதடைந்த குருதியழுத்தமானியின் ரப்பர்க் குமிழ் நினைவுக்கு வந்தது. குடுவையின் மூடியில் இரண்டு துளையிட்டேன். ஒன்றில் நெடுங்குழாய் மதுவுக்குள் இறங்கியது. மற்றதில் குறுங்குழாய் ஒன்றைச் செருகி, அதன் வெளிநுனியில் குமிழைப் பொருத்தினேன். குமிழை அமுக்கினால் உள்ளே காற்று நெருக்கும். மது மேலேற வேண்டும். ஏறவில்லை. மூடியின் விளிம்பால் காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. களிம்பும் மெழுகும் பூசி இரண்டு நாள் பார்த்தேன். சலவைக்கு வந்த என் மனைவி சிறிதுநேரம் நின்று பார்த்தாள்.

“இஞ்சாருங்கோ, புட்டுப்பானையிலை ஆவி போனா என்ன செய்யிறது?”

“துணி சுத்துறது.”

“பின்னை? உவ்வளவு படிச்சும் உது தெரியேல்லையே?”

ஈரத்துணியைக் கீலமாகக் கிழித்து அவளே இறுக்கிச் சுற்றினாள். சீறல் நின்றது.

அடுத்த சனிக்கிழமை சம்பந்தி வழக்கம்போலக் காரை வாசலில் நிறுத்தினார். நான் வெளியே போய், போத்தலைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்றேன். அவர் காரின் இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கினார். நிலவறையில் கருவியைச் சுற்றிவந்து பார்த்தார்.

“உது என்ன அண்ணை, மதுவுக்குப் பிரஷர் பார்க்கிறியளோ?”

“அமுக்கிப் பாருங்கோ.”

அமுக்கினார். செந்நிற மது குழாயில் அங்குலம் அங்குலமாக ஏறி, வளைவைக் கடந்து, போத்தலுக்குள் வீழ்ந்தது. அவர் மேலும் அமுக்கினார். இனி வேண்டாம், தானே ஓடும் என்றேன். குமிழின் பின்துளை காற்றை உள்ளே எடுத்துக்கொள்வதை விரல் வைத்துச் சோதித்தார், இயந்திரம் அறிந்தவர்.

“அண்டைக்கு வாயாலை இழுத்தனீங்கள்.”

“ஓம்.”

“நான் கண்டனான்.”

“தெரியும்.”

போத்தல் நிரம்பியதும் அவரே கவ்வியைப் போட்டு, அடுத்த போத்தலை வைத்தார். பத்துப் போத்தல்களையும் அவர்தான் நிரப்பினார். நான் தக்கை அடித்தேன்.

பிறந்தநாள் விருந்து எங்கள் வீட்டிலேயே நடந்தது. எல்லோரும் அமர்ந்தபின் அவர் கிண்ணத்தைத் தாமே நிரப்பிக்கொண்டார். அதன் கண்ணாடித் தண்டை இரு விரலால் பிடித்து உயர்த்தி, தலையைப் பின்னால் சாய்த்து, உதடு படாமல் மதுவை வாய்க்குள் வார்த்தார். அகன்ற விளிம்புடைய அந்தக் கிண்ணம் இதற்கென ஆக்கப்பட்டதன்று. பாதி வாய்க்குள்ளும் பாதி வெள்ளைச் சட்டையிலுமாகப் போயிற்று.

“ஐயோ அப்பா, wine glass அப்பா! ஆரும் உப்பிடிக் குடிப்பினமே?” என்றாள் மருமகள்.

“எனக்கு உப்பிடித்தான் பழக்கம். நீ சும்மா இரு.”

என் மனைவி கொடுத்த துணியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“அண்ணை, கொஞ்சம் புளிக்குது.”

“காத்துக் கூடுதலாப் போயிட்டுது. நீங்கள் அமுக்கினதும் கூடிப்போச்சு.”

“அடுத்த முறை மெல்ல அமுக்குவம்” என்றவர், சோற்றுத் தட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.