ஏழுக்கு உருண்ட செவ்வாய்

கொடிகாமத்துக் கலியாணத் தரகர் நடராசாவிடம் எந்த வீட்டுப் பிள்ளையின் நட்சத்திரத்தைக் கேட்டாலும் சைக்கிளை நிறுத்தாமலே சொல்லுவார். ஐம்பது தாண்ட நினைவு சறுக்கத் தொடங்கியது. அண்ணனின் மகள், அவருக்குப் பெறாமகள், சுபாஜினி எல்லாச் சாதகக் குறிப்புகளையும் லப்டொப்பில் ஏற்றிக் கொடுத்தாள்.

ஒருநாள் உடுப்பிட்டிக் குணலட்சுமி வந்து வாசலிலேயே வெடித்தாள்.

"தரகரண்ணை, என்ரை மகளுக்கு ஆறிலை செவ்வாய். நீங்கள் மாப்பிள்ளை வீட்டுக்கு ஏழிலையெண்டு அனுப்பியிருக்கிறியள். அவை என்ரை கையிலை இருந்த குறிப்பிலை ஆறெண்டு கண்டிட்டு, நாங்கள்தான் கள்ளமா எழுதினதெண்டினம். சம்பந்தம் வேண்டாமெண்டிட்டினம்."

செவ்வாய் ஆறாம் வீட்டில் நின்றால் குறையில்லை. ஏழில் நின்றால் செவ்வாய்க் குற்றம். அதையாவது சமாளிக்கலாம், கள்ளக் குறிப்புக் காட்டின குடும்பம் என்று பெயர் வந்தால் அந்தப் பெண்ணை ஒருவரும் கேட்டு வரமாட்டார்கள்.

நடராசா திரையைப் பார்த்தார். ஏழுதான்.

"ஆரோ பூந்து மாத்திப்போட்டாங்கள். எனக்கு எரிச்சல்காரர் குறைவே?"

"பொறுங்கோ சித்தப்பா. ஆர் மாத்தினாலும் உது பதிஞ்சு வைக்கும்." சுபாஜினி எதையோ அழுத்தினாள்.

ஒரு வரி வந்தது. முன்பு ஆறு. பின்பு ஏழு. மாற்றியவர் நடராசா.

"நானோ? நான் ஒரு எழுத்தும் அடிக்கேல்லையடி!"

"அடிக்கேல்லை, உருட்டினனீங்கள். பக்கத்தைக் கீழை இறக்க மவுஸ் சில்லை உருட்டியிருக்கிறியள். அம்பு செவ்வாய்க் கட்டத்துக்கு மேலை நிண்டிருக்கு. பக்கம் அசையேல்லை, செவ்வாய் அசைஞ்சிட்டுது."

குணலட்சுமிக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "கிரகத்தையே தள்ளின மனுசன்!"

நடராசா சிரிக்கவில்லை. அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. தன் விரல் செய்தது தனக்கே தெரியாது. அந்தப் பெட்டி கண்டிருக்கிறது. கண்டதோடு விடாமல், தள்ளுண்ட ஆறையும் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறது. மனிதர் ஒன்றை மாற்றிவிட்டு மாற்றவில்லையென்று சத்தியம் பண்ணிக் கத்துவார்கள். இது கத்தவில்லை, கேட்டதும் சொன்னது. முதலாளி என்று அவர் பெயரை மறைக்கவுமில்லை. கோயிலில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சுபாஜினி பழைய ஆறைத் திருப்பி வைத்தாள். இனிமேல் திறந்தால் பார்க்கத்தான் முடியும், பூட்டை எடுத்துக் காரணம் எழுதினால்தான் மாற்றலாம் என்று ஒழுங்கும் செய்தாள்.

அன்றைக்கே நடராசாவும் சுபாஜினியும் லப்டொப்போடு உடுவிலுக்கு, மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் முகம் கொடுக்கவில்லை. நடராசா அந்த வரியைத் திறந்து காட்டினார்.

"அந்தத் தாயிலை பிழையில்லை, ஐயா. என்ரை பேரைப் பாருங்கோ. மாத்தினது நான். உந்த மவுஸ் சில்லை உருட்டேக்கை அம்பு செவ்வாயிலை நிண்டிட்டுது."

தகப்பன் மூக்குக்கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். பிறகு மவுஸைப் பிடித்து, செவ்வாய்க்கு மேல் அம்பை வைத்துச் சில்லை உருட்டினார். இன்னும் பலமாக உருட்டினார். ஆறு ஆறாகவே நின்றது. திரையில் ஒரு கேள்வி: மாற்றுவதற்குக் காரணம் என்ன?

"என்னட்டையும் கேக்குதே!" என்றார், வாய் பிளந்து.

"ஆரெண்டாலும் கேக்கும், ஐயா."

அவர் கையை மெல்ல எடுத்தார்.

"நடராசா, உடுப்பிட்டிக்குச் சொல்லும். பிள்ளையைப் பாக்க வாறம்."