கம்பம் பிடுங்கும்வரை காத்திருந்தோம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பங்குனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. அன்னூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். குளித்துவிட்டுச் சட்டை போடாமல் நின்ற அவருடைய வலது தோளுக்குச் சற்றுக் கீழே, சிவப்பாக ஒரு கட்டி தெரிந்தது. முப்பது வருடங்களாக ஊரில் பெய்கிற மழையைக்கூட அளந்து டைரி எழுதுகிறவன் என்பதால் கிழமையும் நேரமும் தப்பவில்லை.

அண்ணன் காந்திபுரம் டவுன் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். ஜன்னலோரம் வெயில் பட்டுப் பட்டு, அவருடைய வலது கை இடது கையைவிடக் கறுத்திருக்கும். அந்தக் கையில்தான் கட்டி. தொட்டால் கெட்டியாக இருந்தது.

"வலிக்குதுங்களாண்ணா?"

"வலி கிலி ஒண்ணுமில்லடா. சூட்டுக் கட்டி. உங்கண்ணி மஞ்சளும் சுண்ணாம்பும் கொழச்சுப் போடறா, பழுக்கவே மாட்டேங்குது."

டைரிக்குள் வைத்திருக்கும் சின்ன ஸ்கேலால் அளந்தேன். எட்டு மில்லிமீட்டர்.

"மழைய அளந்து முடிஞ்சுதா? இப்ப என்ற கைக்கு வந்துட்டயாக்கும்!" என்றார். அண்ணி சிரித்தார். நானும் சிரித்தேன்.

எனக்குப் படிக்கிற பழக்கம் உண்டு. தோல் புற்றுநோய் என்றால் கறுப்பு மச்சம், ஓரம் பிசிறியிருக்கும், வெள்ளைக்காரர்களுக்கு வருவது என்று எங்கோ படித்திருந்தேன். இது சிவப்பு, உருண்டை, வழவழப்பு. அந்த அரைகுறைப் படிப்பு எனக்குத் தைரியம் கொடுத்தது.

ஒன்பது நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை மறுபடி போனேன். பதினொரு மில்லிமீட்டர். "நாளைக்கே கோயமுத்தூர் போலாமுங்ணா" என்றேன்.

ஆனால் அன்று சாயங்காலம் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குக் கம்பம் நடுகிறார்கள். கோயில் முன்னால் நடும் அந்த மரக்கம்பத்தைப் பதினைந்து நாள் கழித்துத்தான் பிடுங்குவார்கள். அதுவரை காப்புக் கட்டியவர்கள் வெளியூரில் தங்க மாட்டார்கள், சவரம்கூடச் செய்துகொள்ள மாட்டார்கள். அண்ணன் அந்த வருடம் காப்புக் கட்டுவதாக வேண்டிக்கொண்டிருந்தார்.

"டாக்டருகிட்டப் போனா கீறோணும்பாங்க. காப்புக் கட்டுன கையில கத்தி படலாமாடா? பதினஞ்சு நாளுதான? கம்பம் புடுங்கட்டும், வாரேன்."

நான் "சரிங்ணா" என்றேன்.

அந்தப் பதினைந்து நாளும் தினமும் போனேன். அண்ணன் கம்பத்தைச் சுற்றி ஆடுவார். நான் கூட்டத்தில் நின்று அவருடைய சட்டையின் வலது கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். பன்னிரண்டு. பதினான்கு. கடைசி நாள் பதினேழு. நிறம் கத்தரிப்பூப் போல மாறியிருந்தது. வலி மட்டும் வரவே இல்லை. டைரியில் எண்ணை மட்டும் எழுதினேன். என்ன நினைத்துப் பயந்தேனோ அதை எழுதக் கை வரவில்லை.

கம்பம் பிடுங்கிய மறுநாள் கோவையில் ஒரு மருத்துவமனை. மருத்துவர் இளம் பெண்.

"எத்தன நாளா இருக்குங்க?"

"அது இருக்குமுங்க அம்மணி, ஒரு மாசம்" என்றார் அண்ணன்.

நான் டைரியை நீட்டினேன். மருத்துவருடைய விரல் எண்களின் மேல் ஒவ்வொன்றாக இறங்கி, கடைசி எண்ணில் நின்றது. அதுவரை முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. அன்றே கட்டியிலிருந்து கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வர எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளில் நான் என்ன சாப்பிட்டேன் என்றுகூட நினைவில்லை.

"மெர்கெல் செல் புற்றுநோயிங்க. அபூர்வமா வரும், வேகமா வளரும். வலிக்காது, அதனால யாரும் கண்டுக்க மாட்டாங்க. அதுதாங்க இதுல மோசம்" என்றார் மருத்துவர்.

அண்ணன் மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு நினைவு தெரிந்து அவர் அப்படிப் பிடித்ததே இல்லை.

அறுவை சிகிச்சை செய்தார்கள். அக்குளில் ஒரு நெறிக்கட்டிக்கும் நோய் பரவியிருந்தது. பிறகு பல வாரங்கள் கதிர்வீச்சு சிகிச்சை. ஒருநாள் அண்ணன் உள்ளே இருந்தபோது மருத்துவரிடம் கேட்டேன்: "பதினஞ்சு நாள் முன்னாடியே வந்திருந்தா அக்குளுக்குப் போயிருக்காதுங்களா?"

"அத யாராலயும் சொல்ல முடியாதுங்க."

ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு ஆறவில்லை.

இப்போதும் சில மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனை. போன முறை வரை எதுவும் திரும்ப வரவில்லை. ஆனாலும் ஒவ்வொரு பரிசோதனைக்கும் முந்தைய வாரம் எனக்குச் சோறு இறங்காது. "ஏன்டா, நோயி எனக்கா, உனக்கா?" என்று அண்ணன் கேலி செய்வார். "பேசாமக் கையத் தூக்குங்க" என்று அதட்டிவிட்டு அக்குளைத் தடவிப் பார்ப்பேன். மறுபேச்சில்லாமல் தூக்குகிறார்.

அண்ணன் சொல்லுக்கு எதிர்ச்சொல் பேசாததை அறுபது வயது வரை மரியாதை என்றே நினைத்திருந்தேன்; இத்தனை சுலபமாக அதட்ட முடிகிற மனிதரை அன்று ஒருமுறை அதட்டியிருக்கலாமே என்பதுதான், அவர் பரிசோதனை அறைக்குள் போய் வெளியே வரும்வரை ஒவ்வொரு முறையும் என்னைத் தின்கிறது.