யாருடன் சேர்ந்து செய்தீர்கள்?

அமெரிக்கா வந்த முதல் மாதத்தில் குளிரும் சாப்பாடும் என்னை அவ்வளவாக மிரட்டவில்லை. ஒரு தாளின் கடைசி வரிதான் மிரட்டியது. முதுநிலை மின்காந்தவியல் வகுப்பில் வாராவாரம் வீட்டுக்கணக்கு உண்டு. விடைத்தாளின் அடியில் அச்சடித்திருந்தார்கள்: "யாருடன் சேர்ந்து செய்தீர்கள்?" செங்கல்பட்டில் எம்.எஸ்ஸி. முடித்தவனுக்கு இது புரியாதா? சரியான பொறி. பறக்கும் படை வந்து சட்டைப்பையைத் துழாவிப் பார்த்த பரீட்சைகளில், இடது கையால் தாளை மறைத்து எழுதியே தேறியவன் நான். கொஞ்சமும் யோசிக்காமல் "யாருடனும் இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன்.

அது பொய். மூன்றாம் கணக்கைப் பக்கத்து மேசை எரிக்குக்கு நான்தான் நூலகத்தில் விளக்கினேன். இரண்டு உலோகத் தகடுகள் அறுபது பாகையில் மூலையாகச் சேர்கின்றன. நடுவில் ஒரு மின்னூட்டம். தகடுகளைக் கண்ணாடிகளாகப் பாவித்து, அவற்றுக்குப் பின்னால் பிம்பங்கள் இருப்பதாக வைத்துக்கொண்டால் கணக்கு கரைந்துவிடும். எரிக் ரொம்ப மகிழ்ந்துபோய், தன் தாளின் அடியில் "மூன்றாம் கணக்கை ரகு விளக்கினான்" என்று எழுதிவிட்டான்.

ஆனால் அந்த வித்தை என்னுடையதும் அல்ல. என் வகுப்புத்தோழன் தேவராஜ் மாமல்லபுரத்திலிருந்து தினம் பஸ் ஏறி வருவான். தேர்வு வாரத்தில் அவன் முடி வெட்டிக்கொள்ளப் போன சலூனுக்கு நானும் நோட்டோடு போனேன். அங்கே மூலையில் இரண்டு சுவர்க் கண்ணாடிகள் சேரும். துண்டு போர்த்திய தேவராஜ் ஒருவன். கண்ணாடிகளில் இன்னும் மூன்று தேவராஜ்.

"கண்ணாடிய எட்த்துடு மச்சான். அந்தாண்ட மூணு ஆளு குந்திக்கினு கீறானுங்கன்னு வெச்சிக்கோ. பக்கத்துல கீற ரெண்டு பேரும் மைனஸு. நேர் எதிர்ல கீறவன் ரெண்டு தபா திரும்பிட்டான், அவன் பிளஸ்ஸு. கணக்கு முடிஞ்சிது."

"தலய ஆட்டாத நைனா, காது பூடும்," என்றார் முடிவெட்டுகிறவர்.

அதை எழுதிக்கொண்டேன். என் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். ஜெராக்ஸ் கடையில் அந்த நோட்டு 'ரகு நோட்ஸ்' என்று பேர் வாங்கியது. அதைப் பார்த்துத்தான் துறைத்தலைவர் எனக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தார். பாதி தேவராஜுடையது என்று அவரிடம் நான் சொல்லவில்லை. தேவராஜும் கேட்கவில்லை. நான் விமானம் ஏறினேன். அவன் மாமல்லபுரத்தில் டியூஷன் எடுக்கத் தொடங்கினான்.

இரண்டாம் வாரம் பேராசிரியை எங்கள் இருவரையும் அறைக்கு அழைத்தார். இரண்டு தாள்கள் மேசையில் இருந்தன. இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே தப்பு. கதை முடிந்தது, ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

"அவன் என் தாளைப் பார்க்கவில்லை, மேடம்," என்றேன் அவசரமாக.

"நான் யாரையும் பிடிக்கக் கூப்பிடவில்லை. எரிக் உன் பேரை எழுதியிருக்கிறான். நீ யாருமில்லை என்கிறாய். உன்னை நம்பினால் எரிக் பொய்யனாகிவிடுவானே?"

எரிக் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபமில்லை, குழப்பம்தான். நான் வெட்கத்தால் குறுகிப்போனேன். ஒளித்து வைப்பதைச் சாமர்த்தியமாக நினைத்திருந்தேன். உதவி வாங்கியதைச் சாதாரணமாகச் சொல்லிவிடுவதுதான் இவர்கள் படிப்பின் முதல் பாடமாக இருந்தது. அந்த ஒரு வரிக்காகவே இந்த நாட்டின் மேல் எனக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

சலூன் கதை முழுவதையும் சொன்னேன். பேராசிரியை ரசித்துக் கேட்டார். "செங்கோணத்துக்கு உன் நண்பர் சொன்னது சரி. அறுபது பாகையில் பிம்பம் ஐந்து. எண்ணிக்கொண்டு போனால் நேர் எதிரே இருப்பது மைனஸ். நீ எண்ணவில்லை, பழைய விடையை அப்படியே கொண்டுவந்துவிட்டாய்," என்று தாளை என் பக்கம் தள்ளினார். "இப்போது கடைசி வரியை எழுது."

எரிக்கின் பெயரை ஆங்கிலத்தில் எழுதினேன். கீழே தேவராஜ் என்று எழுதப் போனபோது கை தானாகத் தமிழில் எழுதிவிட்டது. அவர் இது என்னவென்று கேட்டார், படித்துக் காட்டினேன். நம் வகுப்பா என்றார். இல்லை என்றேன்.

அந்தத் தாளின் நகலை தேவராஜுக்குத் தபாலில் அனுப்பினேன். துறைத்தலைவருக்கும், நோட்டில் பாதி யாருடையது என்று தனியாக ஒரு கடிதம் எழுதினேன். அடுத்த மாதம், அவன் தெரு எஸ்.டி.டி. பூத்துக்கு ஃபோன் செய்தேன்.

"இன்னா மச்சான், என் பேரப் போட்டு கணக்கத் தப்பாப் போட்டுக்கினு வந்து குட்த்துகீற? அது சலூன் மூல. இது வேற மூல."

மன்னித்துவிடு என்றேன். கணக்குக்கு மட்டும் கேட்கவில்லை என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும்.

"தாள ஒட்டி வெச்சிகீறேன், டியூஷன் சுவத்துல. தப்ப செவப்புல சுழிச்சிட்டுதான் ஒட்டினேன்," என்றான்.

இப்போது அதே பாடத்தை நான் நடத்துகிறேன். வருடாவருடம் அறுபது பாகை மூலையை வரைந்து, ஐந்து பிம்பங்களையும் வைக்கிறேன். நேர் எதிரே இருக்கும் ஐயாவிடம் வந்ததும் கை இன்றும் கூட்டல் குறிக்கே போகிறது. நிறுத்தி, ஆதியிலிருந்து எண்ணி, கழித்தல் போடுகிறேன். பக்கத்தில் சின்னதாக 'தேவராஜ்' என்று தமிழில் எழுதுகிறேன். மாணவர்கள் அதையும் ஏதோ இயற்பியல் குறியென்று நினைத்து, கொம்பும் புள்ளியும் தவறாமல், நோட்டில் வரைந்துகொள்கிறார்கள்.