கறுப்புக் குஞ்சுக்கு நான் சொன்ன தீர்ப்பு

கோழி முதலா முட்டை முதலா என்று உலகமே தலையைப் பிய்த்துக்கொள்கிறதாம். எனக்கு அந்தச் சிரமம் இல்லை. மூன்றாம் வகுப்புப் படிக்கும்போதே, மராத்திக்காரர்கள் ஊரான தாபோடியில் எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால், நாலு பேர் பார்க்க அதற்குத் தீர்ப்புச் சொல்லி முடித்தவள் நான்.

அப்பாவுக்கு ஃபேக்டரி வேலை. அம்மா ஒரே ஒரு நாட்டுக்கோழி வளர்த்தாள். சேவல் கிடையாது. எங்கள் லைனில் பாதிப் பேர் நைட் ஷிஃப்ட் முடித்துக் காலையில் படுக்கிறவர்கள். சேவல் கூவினால் அன்றைக்கே குழம்பாகிவிடும். அதனால் எங்கள் கோழி போட்ட முட்டையில் குஞ்சு பொரிக்காது. இது எல்லோருக்கும் தெரியும், கோழிக்கு மட்டும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் அடைக்கு உட்கார்ந்து ஏமாந்து எழுந்திருக்கும். அம்மா அதைத் தடவிக்கொடுத்தபடி வெகுநேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

அந்தக் கோடை விடுமுறைக்குத் திருநெல்வேலியிலிருந்து சித்தி வந்தாள். அம்மாவின் தங்கை. ஊரில் அவளுக்கு நாலு பிள்ளைகள். எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான். டின் நிறைய அரிசி கொண்டுவந்திருந்தாள். உள்ளே கையை விட்டால் நாட்டு முட்டைகள்! அத்தனை தூர ரயிலில் ஒன்றுகூட உடையவில்லை. அம்மா அவற்றை அடைக்கு வைத்தாள். சித்தி கிளம்புவதற்குள் குஞ்சுகள் பொரித்து ஓடியாட ஆரம்பித்துவிட்டன. எல்லாம் மஞ்சள், ஒன்று மட்டும் அட்டக்கறுப்பு. அது எந்நேரமும் என் மடியில்தான் கிடக்கும்.

கிளம்புகிற அன்று சித்தி ஆரம்பித்தாள். “யக்கா, இந்தக் கறுப்ப மட்டும் நான் கொண்டுபோறேன். முட்டை என்னோடதுலா?”

“அடைகாத்தது எங்கோழிலா? வேற எது வேணும்னாலும் எடு. அது பிள்ள கையில கிடக்கு, அதக் கேக்காத.”

“முட்டை இல்லாட்டா ஒங்கோழி எதை அடைகாக்கும்?”

“கோழி இல்லாட்டா ஒன் முட்டை ஆம்லெட்டு.”

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மராத்திக்கார மாமி வந்தாள்; காக்கு என்றுதான் அவளைக் கூப்பிடுவோம். நான் இந்தியில் விளக்கினேன். “ஆதீ கோம்படி கீ ஆதீ அண்ட?” என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கோழி முதலா முட்டை முதலா என்று மராத்தியிலும் இதே பாடுதான் போலிருக்கிறது.

சித்தி மட்டும் சிரிக்கவில்லை. என் முன்னால் வந்து குத்தவைத்து உட்கார்ந்தாள். “ஏட்டி, நீயே சொல்லு. குஞ்சு யாருக்கு?”

தப்பாகச் சொன்னால் குஞ்சு போய்விடும். பள்ளிக்கூட மேடையில் நிற்கிற மாதிரி நிமிர்ந்துகொண்டு ஒரே மூச்சில் சொன்னேன்: “முட்டை போட்டது எந்தக் கோழியா இருந்தா என்ன? ராப்பகலா உக்காந்து அடைகாத்துச்சே, அதுதான் அம்மா. குஞ்சும் அதைத்தான் அம்மான்னு நெனைக்கும். குடுக்க முடியாது!”

ஆட்டோ கூட்டிவந்த அப்பா அப்படியே நின்றுவிட்டார். சித்தி என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். “நாயமாத்தான் சொல்லுத, எம்மாடி” என்றாள். குரல் என்னவோ போலிருந்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அடேயப்பா, என் பேச்சுக்கு இத்தனை மரியாதையா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்கப்புறம் அம்மா செய்ததுதான் அநியாயம். சித்தி ஆட்டோவில் ஏறியதும் என் கையிலிருந்து கறுப்புக் குஞ்சைப் பிடுங்கி அவள் மடியில் வைத்துவிட்டாள்.

“நாமதானம்மா ஜெயிச்சோம்!” என்று கத்தினேன்.

“ஜெயிச்சதுனாலதான் குடுக்கேன்.”

என்னைப் பெற்றவள் சித்திதான் என்பது என் கல்யாணப் பேச்சின்போதுதான் எனக்குத் தெரிந்தது. பிறந்த சில நாளிலேயே அக்கா மடியில் என்னைப் போட்டுவிட்டாளாம். தெரிந்த பிறகும் நான் தீர்ப்பை மாற்றவில்லை. அம்மா அம்மாதான். அந்த வயதில் அப்படிச் சொன்னேனே என்று இன்றைக்கும் எனக்குப் பெருமைதான்.

ஆனால் அன்றைக்குத் தெருவில் உருண்டு புரண்டு அழுதேன். ஆட்டோ முனை திரும்புகிற வரைக்கும் சித்தி தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். மடியில் அத்தனை அழகான குஞ்சு இருக்கும்போது என்னை எதற்கு அப்படிப் பார்க்கிறாள் என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.