கண்ணாடியில் இருந்த பேர்

பழைய பிக்கப் வாங்கி எட்டு வருஷமாகிறது. கிளட்ச், டயர், சீட் எல்லாம் மாற்றினேன். முன்கண்ணாடியில் பழைய ஓனர் எழுதியிருந்த மகள் பேரை மட்டும் மாற்றவில்லை. சங்கரன்கோவிலில் என்னையே 'கனிஷ்கா அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

போன மாதம் இளையரசனேந்தலுக்கு உளுந்து ஏற்றப் போனேன். ஆடு மேய்த்த ஒரு பெண் வண்டியை மறித்தாள்.

"கனிஷ்கான்னு பிள்ள பேர எழுதி வச்சிக்கிட்டு, ஆடு தண்ணி குடிக்கிற குளத்துல கோழிக்கழிவ தட்டிட்டுப் போயிருக்கீரே, நீரு சோறுதான் திங்கீரா?"

கூட்டிப்போய்க் காட்டினாள். கரையோரம் குடலும் இறகும் புழுத்துக் கிடந்தன. முந்தின வாரம், கல்யாணத்துக்குச் சேர் ஏற்ற வேண்டும் என்று வண்டியை வாங்கிப்போனவன் என் தங்கை மாப்பிள்ளை. ஃபினாயில் போட்டுக் கழுவித் தந்தானே என்று மெச்சிக்கொண்டிருந்தேன்.

அங்கேயே நின்று அவனுக்குப் போன் போட்டேன். சிரித்தான்.

"விடும் மச்சான். கண்ணாடியில உம்ம பேரா இருக்கு? யாரோ பிள்ள பேருதான? அதுக்காகத்தான உம்ம வண்டிய எடுத்தேன்."

அந்தச் சிரிப்புக்குப் புழுவே தேவலை. கழிவை அள்ளிப் புதைத்தேன். ஊருக்கு வந்ததும் கண்ணாடியைச் சுரண்டி என் பேரை எழுதினேன்.

கனிஷ்காவை நான் பார்த்ததே இல்லை. இப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பாள். இளையரசனேந்தலில் அவள் பேர் நாறிக்கொண்டிருக்கிறது.