ஏழரை ஹைட்ரஜன்

ஜனவரிக் காலையில் ஹெப்பகோடியில் டீக்கடைக்கு வருகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஒருவரும் கிளாஸை விளிம்பில் பிடிப்பதில்லை. இரண்டு உள்ளங்கையாலும் பொத்தி, முதலில் குளிர் காய்ந்துகொள்வார்கள். இன்று நானும் அப்படித்தான் நின்றேன். உடனே புரொப்பேன் வாயு ஞாபகத்துக்கு வந்துவிட்டது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

அம்மா காக்ஸ் டவுனில் வீட்டு வேலை பார்த்தாள். கிறிஸ்துமஸ் லீவில் நானும் கூடப் போவேன். கேக் வேகும் வாசனைக்கு நடுவே, அலமாரியிலிருந்து இறங்கிய கண்ணாடிக் கோப்பைகளைத் துடைப்பது என் வேலை. “ரெண்டு கையாலயும் புடிடி. ஒடைஞ்சா நாளைக்கு வேற வீடு தேடணும்” என்பாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி வரைக்கும் போனேன். இதைச் சொல்லும்போது கழுத்து கொஞ்சம் நிமிரும், பொறுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு படித்தும் கண்ணாடியைப் பிடிக்கும் விதம் மட்டும் மாறவில்லை.

ஹெப்பகோடிப் பக்கம் ஒரு சின்ன லேபில் மூன்று மாதப் பயிற்சிக்கு எடுத்தார்கள். கடைசி வாரம் மேனேஜர் ஒரு ரப்பர் பை நிறைய வாயுவைக் கொடுத்தார். “இது ஒரு ஹைட்ரோகார்பன். ஃபார்முலா நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள வேணும். அத பாத்துட்டுதான் வேலை கன்ஃபர்ம்.”

முறை எளிதுதான். கண்ணாடிக் குழாயில் பத்து மில்லி வாயுவோடு எழுபது மில்லி ஆக்சிஜனை அடைத்து, மின்பொறியால் எரிக்க வேண்டும். ஆறியதும் நீராவி தண்ணீராகிவிடும். மிஞ்சுவது கார்பன் டை ஆக்சைடும் செலவாகாத ஆக்சிஜனும். பொட்டாஷ் கரைசலில் விட்டால் அது கார்பன் டை ஆக்சைடை விழுங்கிவிடும். எவ்வளவு குறைந்தது என்பதிலிருந்து கார்பன் கிடைக்கும். கார்பனை எரிக்கச் செலவானது போக, மீதி செலவான ஆக்சிஜனிலிருந்து ஹைட்ரஜன் கிடைக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை இப்படிப் பிடித்துவிடலாம் என்பதில் எனக்கு இன்றும் ஒரு கர்வம் உண்டு.

ஆறிய பிறகு ஐம்பத்தொன்றேகால் மில்லி. பொட்டாஷுக்குப் பிறகு இருபது. கணக்குப் போட்டால் கார்பன் மூன்றும் சொச்சமும், ஹைட்ரஜன் ஏழரை. அணுவில் ஏது அரை? மறுபடி செய்தேன். மறுபடியும் ஏழரை.

என்னோடு சேர்ந்த ஷோபா கன்னடக்காரி. கிண்டல் மட்டும் தமிழில்தான், ‘டி’ வரவேண்டிய இடத்தில் கன்னடத்து ‘கணே’ வரும். “உன் ஹைட்ரஜனுக்குச் சனி புடிச்சிருக்கு கணே. பேசாம எட்டுன்னு போடு.”

“மூணு கார்பனோட ஆறும் சேருமே, ஆறாவும் இருக்கலாமே?”

“ஏழரைக்கு எட்டுதான்மா பக்கத்து வீடு.”

பென்சிலால் எட்டு என்று எழுதியும் விட்டேன். பிறகு அழித்தேன். நேர்மை என்றெல்லாம் சொல்லிக்கொள்ள மாட்டேன். ‘எம்பொண்ணு அளந்து சொன்னா சரியா இருக்கும்’ என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். பயம் அதுதான்.

மூன்றாம் முறை எரித்து, ஆறவிட்டு, அளவு பார்த்தேன். அதே ஐம்பத்தொன்றேகால். அப்போது அம்மாவின் போன். வராந்தாவுக்குப் போனேன்.

“சாப்டியா?”

“வேலையா இருக்கேம்மா.”

“வேலை எங்க ஓடிப்போவுது? சாப்புடு மொதல்ல.”

பேசிவிட்டுத் திரும்பி வந்தால் அளவு ஐம்பதில் நிற்கிறது. குழாயின் மேல் என் உள்ளங்கையின் ஈரத்தடம். திரும்பப் பொத்திப் பிடித்தேன், வாயு விரிந்தது. கையை எடுத்தேன்; மெல்லச் சுருங்கியது. உடைந்துவிடக் கூடாதே என்று இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்றேனே, அந்தச் சூடுதான். இருபதை அளந்தபோது கை பொட்டாஷ் குப்பியில் இருந்ததால் அது மட்டும் தப்பித்திருக்கிறது. இப்போது கார்பன் மூன்று, ஹைட்ரஜன் எட்டு. புரொப்பேன்!

தப்பான அளவுகளை அழிக்காமல் ஓரத்தில் ‘என் கைச் சூடு’ என்று எழுதி, நோட்டை நீட்டினேன். மேனேஜர் அந்த ஓரத்தைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். “பரவால்லம்மா, கையையும் கணக்குல சேத்துட்ட. திங்கக்கெழமை லெட்டர் வாங்கிக்கோ” என்றார்.

இன்று அந்த லேபில் அறிக்கைகளுக்குக் கையெழுத்துப் போடுவது நான். கண்ணாடிக் குழாய்களைக் கழிக்கச் சொன்னதும் நான்தான். இயந்திரம் சில நிமிடங்களில் ஃபார்முலாவைத் திரையில் காட்டிவிடுகிறது, நல்லதுதான். நோட்டுகளும் போய்விட்டன. திரையில் எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது, ஓரம் மட்டும் இல்லை. அளந்தவள் தன் தவறை எழுதிவைக்க ஓர் இடம் வேண்டும் என்று மென்பொருள்காரரிடம் கேட்டிருக்கிறேன். “சேத்துடலாம் மேடம். அந்தக் கட்டத்துக்கு என்ன பேர் வெக்கட்டும்?” என்கிறார். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.